சுருக்கம் விழுந்த முட்டை

“முட்டைக்குக்கூட முகச்சுருக்கம் வருமா மேடம்?”

அரட்டை கண்ணாடி அலமாரியின் முன்னால் குனிந்து நின்றிருந்தான். உள்ளே பஞ்சின் மேல் வரிசையாக முட்டைகள். எல்லாவற்றின் ஓடும் கசக்கிப் பிரித்த காகிதம் போல வரிவரியாகச் சுருங்கியிருந்தது.

“அது வயசு இல்லை தம்பி, நோய்,” என்றார் கோழி நோய் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். “மூச்சுக்குழாய் வைரஸ் வந்துட்டுப் போன கோழி இப்படித்தான் முட்டை போடும். கோழி பார்க்க நல்லாத்தான் இருக்கும், மேயும், கொக்கரிக்கும். முட்டை காட்டிக் கொடுத்துடும்.”

“பரவாயில்லையே. எங்க ஆபீசுக்கு இப்படி நாலு முட்டை இருந்தா துப்பறியறது சுலபம்.”

“அரட்டை, உட்கார்,” என்றாள் வக்கீலம்மா.

அவள் கறுப்புக் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து வெகு காலமாகிவிட்டது. ஊர் மட்டும் அவளை வக்கீலம்மா என்று கூப்பிடுவதை விடவில்லை. உதவியாளனுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அவன் வாயைத் திறந்து கேட்டவர் யாருக்கும் அது ஞாபகம் இருப்பதில்லை.

அவர்களை இங்கே அழைத்து வந்தவள் ஒரு பல் டாக்டர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா இந்த நிலையத்தின் விஞ்ஞானி. கோழிகளுக்கான புதிய தடுப்பு மருந்து ஒன்றைச் செய்தவள். அந்த மருந்தைப் போட்டுச் சோதித்த கொட்டகையில் குஞ்சுகள் மூச்சு இரைத்து இரைத்து மொத்தமாகச் செத்துப்போயின. ‘என் மருந்துதான் கொன்றது, தப்பு என்னுடையது’ என்று அக்காவே சொல்லிவிட்டு வேலையையும் விட்டுவிட்டாள். அவள் வளர்த்த வைரஸ், அதற்கான செல்கள் எல்லாவற்றையும் இன்று சாயங்காலத்துக்குள் கொதிகலனில் போட்டு அழிக்கும்படி மேலிடத்து உத்தரவு.

“அக்கா பொய் சொல்றா,” என்றாள் பல் டாக்டர். “சின்ன வயசுல நான் உடைச்ச கண்ணாடிக்கெல்லாம் அடி வாங்கினது அவதான். பழியை ஏத்துக்கறப்போ குரல் ரொம்ப நிதானமா இருக்கும். இப்பவும் அதே குரல்.”

வக்கீலம்மா இயக்குநர் பக்கம் திரும்பினாள். “அவங்க என்ன செஞ்சாங்க? ஒண்ணும் தெரியாத நீதிபதிக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

இயக்குநர் மேஜை மேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார்.

“வைரஸ் ஒரு செல்லுக்குள்ள போகும். அங்கே தன்னை மாதிரியே நகல் எடுத்துக்கும். ஆனா நகல் எடுத்தா மட்டும் போதாதுங்க. செல்லோட சவ்விலேர்ந்து கொஞ்சம் கிள்ளி, போர்வை மாதிரி சுத்திக்கிட்டு வெளியே வரணும். அப்பத்தான் அடுத்த செல்லுக்குப் போகலாம். அந்தப் போர்வையைச் சுத்திவிடறது ஒரு சின்னச் சவ்வுப் புரதம்.”

“அது இல்லேன்னா?”

“உள்ளே போகும். வெளியே வராது.”

“எங்க மாமியார் வீடு மாதிரி,” என்றான் அரட்டை.

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் தொடர்ந்தார். “அந்தப் புரதத்துக்கான மரபணுவை அவங்க வைரஸ்லேர்ந்து வெட்டி எடுத்துட்டாங்க. அதனால கோழி உடம்புல அது பரவாது. போன செல்லோட கதை முடிஞ்சுது. ஆனா உடம்பு எதிரி முகத்தைப் பார்த்து வெச்சுக்கும். நிஜமான நோய் வந்தா அடையாளம் தெரிஞ்சு அடிக்கும். ரொம்ப நல்ல யோசனை. நானே பெருமைப்பட்டேன்.”

“வெளியே வர முடியாத வைரஸை எப்படி வளர்த்தாங்க?”

“அதுக்குன்னே சில செல்களைத் தயார் பண்ணினாங்க. வைரஸ்கிட்ட இல்லாத புரதத்தை அந்தச் செல்லே செஞ்சு கொடுக்கும். நாங்க அதைத் தாய் செல்னு சொல்லுவோம்.”

“குஞ்சுகள் ஏன் செத்துதுன்னு அவங்க சொன்னாங்க?”

“வளர்றப்போ வைரஸ் தாய் செல்கிட்டேர்ந்தே அந்த மரபணுவைத் திருடிக்கிச்சுன்னாங்க. நடக்கக்கூடியதுதான்.”

வக்கீலம்மா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “திருட்டுப் பொருள்ல அடையாளம் இருக்குமா?”

இயக்குநரின் கோத்த விரல்கள் பிரிந்தன.

“இருக்கணும்,” என்றார் மெதுவாக. “தாய் செல்லுல வெச்ச மரபணுவை அவங்க வேற எழுத்துல எழுதியிருந்தாங்க. கிடைக்கிற புரதம் அதேதான், எழுத்து மட்டும் வேற. தண்ணின்னும் சொல்லலாம், நீர்னும் சொல்லலாம் இல்லையா? வெளி வைரஸ் தண்ணின்னு எழுதும், இவங்க நீர்னு எழுதினாங்க. தாகம் தீர்றது ஒண்ணுதான்.”

“செத்த குஞ்சுகள்ல இருந்த வைரஸ் எப்படிச் சொல்லுது? தண்ணின்னா, நீர்னா?”

“அதை… பார்க்கலை. அவங்களே ஒத்துக்கிட்டப்புறம் எதுக்குன்னு…”

“ஒத்துக்கிட்டவங்களை யாரும் குறுக்கு விசாரணை பண்றதில்லை. கோர்ட்டுலயும் அப்படித்தான். இப்போ பாருங்க.”

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். எழுத்துகள் திரையில் ஓடின. ஓரிடத்தில் நிறுத்தினார். இன்னொரு வரிசையை அதன் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார்.

“தண்ணி,” என்றார். அவர் குரலே அவருக்குக் கேட்காத மாதிரி இருந்தது. “இது வெளியில திரியற சாதாரண வைரஸ். அவங்களோடது இல்லவே இல்லை. மருந்து வேலை செய்ய நாளாகும், அதுக்குள்ள இது புகுந்திருக்கு.”

பல் டாக்டர் எழுந்தே விட்டாள். “அப்போ உத்தரவை நிறுத்துங்க சார்!”

“எப்படிம்மா நிறுத்துறது? வெளி வைரஸ் உள்ளே வந்திருக்கு, எந்த வழியா வந்துச்சுன்னு தெரியலைன்னு சொன்னா, மேலிடம் மொத்த நிலையத்தையே கொளுத்தச் சொல்லும். வழி தெரியணும். அந்தக் கொட்டகைக்குள்ள போறது ரெண்டே பேர். ஒண்ணு உங்க அக்கா. இன்னொண்ணு கொட்டகை மேற்பார்வை பார்க்கிற உங்க மாமா, அக்கா வீட்டுக்காரர். ரெண்டு பேரும் உள்ளே குளிச்சு, உடுப்பு மாத்தி, செருப்பு மாத்தித்தான் போவாங்க. வீட்டுல கோழி, புறா, கிளி எதுவும் வளர்க்கக் கூடாதுன்னு விதியே இருக்கு.”

“அந்த விதியை எழுதினது யாரு?” என்று கேட்டாள் வக்கீலம்மா.

“உங்க விஞ்ஞானியேதான்.”

காரில் போகும்போது வக்கீலம்மா அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். எழுத்து வேறு என்று திட்டம் போட்டு வைத்தவள், குஞ்சுகள் செத்த அன்று முதலில் அதைத்தானே பார்த்திருப்பாள்? பார்த்திருந்தால், தன் மருந்து நிரபராதி என்று அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் தலையைக் கொடுத்திருக்கிறாள். ஒருத்தி தன் தப்பை மறைக்கப் பொய் சொல்லுவாள். செய்யாத தப்பைச் சொந்தம் கொண்டாடுகிறாள் என்றால் அதற்குப் பின்னால் இன்னொரு ஆள் இருக்க வேண்டும்.

“அக்காவுக்குக் குழந்தைங்க?” என்று கேட்டாள்.

பல் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒரே பொண்ணு. பாப்பா. பிறக்கறப்பவே இதயத்துல கோளாறு. ஆபரேஷன் பண்ணியும் பிழைக்கலை. போன மழைக்காலத்துல.”

அரட்டை ஏதோ சொல்ல வந்து, வண்டியின் கியரை மாற்றினான்.

நெருக்கமான தெருவில் மாடி வைத்த வீடு. கதவைத் திறந்த விஞ்ஞானியின் விரல் நுனிகள் ஓயாமல் கழுவிக் கழுவி வெளுத்திருந்தன. மாடியில் ரேடியோ உரக்கப் பாடிக்கொண்டிருந்தது.

“பாப்பா ரூம்,” என்று பல் டாக்டர் முணுமுணுத்தாள். “அவ போனதிலேர்ந்து அக்கா யாரையும் அங்கே விடறதில்லை.”

மாடிப்படியில் விஞ்ஞானியின் கணவர் இறங்கி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தடிமனான மூக்குக்கண்ணாடியை நீலப் பூப்போட்ட துணித்துண்டால் துடைத்துக்கொண்டே வந்தவர், மாட்டிக்கொண்ட பிறகுதான் வந்திருப்பவர்களைப் பார்த்தார்.

“வாங்க, உட்காருங்க. வீட்டுல பால் இல்லை. வாங்கிட்டு வந்துடறேன், டீ குடிச்சுட்டுப் போகலாம்.” துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. “குஞ்சுகளைக் கொன்னது வெளி வைரஸ்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்தானே?”

விஞ்ஞானியின் முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு அந்த நிதானமான குரல் வந்தது. “நீங்க எதைச் சொல்றீங்கன்னு தெரியலைங்க. தப்பு என்னோடதுதான்.”

“எனக்கொரு பழைய நியூஸ் பேப்பர் கிடைக்குமா?” என்றான் அரட்டை. “தெருச் சேறு பூரா என் செருப்புல இருக்கு. உங்க வீடு வேற பளபளன்னு இருக்கு.”

“பழைய பேப்பர் இல்லைங்க.”

அவன் டீப்பாயைப் பார்த்தான். இன்றைய பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. “தினமும் வாங்கறீங்க போல. நேத்து வந்ததெல்லாம் எங்கேங்க போகுது? எங்க வீட்டுல பேப்பர் குவிஞ்சு எனக்குப் படுக்க இடமில்லை.”

விஞ்ஞானி அந்தப் பேப்பரை எடுத்து டீப்பாய்க்கு அடியில் வைத்தாள். “சரி, தண்ணியாவது குடிக்கிறேன்,” என்று சமையலறைக்குள் போனான்.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் வழக்கமான இளிப்பு இல்லை. வக்கீலம்மாவின் அருகில் வந்து உள்ளங்கையைத் திறந்தான்.

ஒரு முட்டை. ஓடு முழுக்க வரிவரியான சுருக்கம்.

“கடையில இதை யாரும் விக்க மாட்டாங்க மேடம்,” என்றான் தணிந்த குரலில்.

ரேடியோவில் பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் இருந்த இடைவெளியில், மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கொக்… கொக்… கொக்.

விஞ்ஞானி கண்களை மூடிக்கொண்டாள்.

மாடி அறையின் தரை முழுக்கப் பழைய பேப்பர் விரித்திருந்தது. சின்ன மேஜை, அதன்மேல் ஒரு பள்ளிக்கூடப் பை, ரேடியோ. மூலையில் ஒரு பெரிய கூடை. அதற்குள் மடித்துப் போட்ட குழந்தைக் கவுன் ஒன்றின்மேல் பழுப்பு நிறக் கோழி உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களை ஒவ்வொருவராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“டீச்சர்!” என்று கத்திவிட்டாள் பல் டாக்டர்.

பிறகுதான் வார்த்தைகள் வந்தன. “இது பாப்பாவோட கோழி. இவங்க வீட்டுல வளர்க்கக் கூடாதுன்னு எங்க வீட்டுலதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை வந்து விளையாடுவா. கையைப் பின்னால கட்டிக்கிட்ட மாதிரி நடக்குதுன்னு அவதான் டீச்சர்னு பேர் வெச்சா. அவ போனப்புறம் என்னால இதோட மூஞ்சியைப் பார்க்க முடியலை. ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் கொடுத்துட்டேன். இங்கே எப்படி…”

“அவர் போய்த் தேடிக் கொண்டுவந்துட்டார்,” என்றாள் விஞ்ஞானி.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். இப்போது குரல் நிதானமாக இல்லை.

“பாப்பா போனதிலேர்ந்து அவர் பேசறதே இல்லை. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பார், வாய்க்குப் போகாது. ஒருநாள் அட்டைப்பெட்டியோட வந்தார். நேரா இந்த ரூமுக்கு. கதவுக்கு வெளியே நின்னு கேட்டேன். ‘எங்க பாப்பா இன்னிக்கு நல்லாப் படிச்சாளா டீச்சர்?’னு கோழிகிட்ட கேக்கறார். அன்னிக்குத்தான் கீழே வந்து வயிறாரச் சாப்பிட்டார். எனக்கு விதி தெரியாதா? நான் எழுதின விதி. ஆனா வாயைத் திறக்க முடியலைங்க. நானே ரேடியோவைக் கொண்டுவந்து வெச்சேன்.”

“பண்ணையில இருந்தப்போ கோழிக்கு நோய் ஒட்டியிருக்கு,” என்றாள் வக்கீலம்மா. கூடைக்கு அருகில் குனிந்து கவுனைப் பார்த்தாள். நீலப் பூ. ஓரத்தில் ஒரு சதுரம் கத்தரிக்கப்பட்டிருந்தது. “இந்தத் துண்டு உங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்கு. குளிச்சு உடுப்பெல்லாம் மாத்தறார். ஆனா கண்ணாடி இல்லாம அவருக்குக் கண்ணு தெரியாது. கண்ணாடியோட துடைக்கிற துணியும் கொட்டகைக்குள்ள போயிருக்கு.”

“ஆமா.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியவே கூடாதுங்க.” விஞ்ஞானி கைகூப்பினாள். “அத்தனை குஞ்சையும் கையில எடுத்து வளர்த்தவர் அவர். தன்னாலதான் செத்துதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டார். இதையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அவருக்கு என்ன இருக்கு? என் வேலைதானே போச்சு. போகட்டும்.”

“உன் மருந்து அக்கா!” பல் டாக்டர் அழுதுவிட்டாள். “இத்தனை வருஷம்…”

“உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஆசையில்லை,” என்றாள் வக்கீலம்மா. “ஆனா அந்தத் துணி நாளைக்கு இன்னொரு கொட்டகைக்குள்ள போகும். இந்தத் தெருவைத் தாண்டினா எத்தனை பேர் வீட்டுல கோழி இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். அதை நினைச்சுத்தான் தூக்கமே இல்லை.”

படியில் ஏதோ விழுந்தது.

பால் பாக்கெட் வெடித்து வெள்ளையாகப் படியில் வழிந்துகொண்டிருந்தது. மேல்படியில் அவர் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, எதிலிருந்து கேட்டாரோ. கை சட்டைப் பையை இறுகப் பிடித்திருந்தது.

“நான்தானா?” என்றார்.

“இல்லைங்க, எனக்குத் தெரிஞ்சும் நான்தான் சும்மா இருந்தேன்…”

“பண்ணைக்குக் கொடுத்தது நான் மாமா. நான் கொடுக்காம இருந்திருந்தா…”

அரட்டை வாசல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். வக்கீலம்மா கோர்ட்டில் பழியை அடுத்தவர் தலையில் தள்ளுகிறவர்களையே பார்த்துப் பழகியவள். இங்கே மூன்று பேர் ஒரு பழிக்கு அடித்துக்கொண்டார்கள். 

அவர் உள்ளே வந்து ரேடியோவை அணைத்தார். கூடையின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். கோழி எழுந்து, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து அவர் மடிக்கு வந்தது. அதன் முதுகைத் தடவிக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

“சாயங்காலம் உன்னோட தாய் செல்லையெல்லாம் கொதிக்க வைக்கப் போறாங்கன்னு காலையில சொன்னாங்க. நீ தப்பு பண்ணிட்டேன்னு நானும் நம்பிட்டேன். உன்கூடவே வேலை பார்த்தவன், நானே நம்பிட்டேன்.”



அவர் அரட்டையிடம் கேட்டார்: “வண்டி இருக்கா தம்பி?”

அரட்டை அவ்வளவு வேகமாக ஓட்டி வக்கீலம்மா பார்த்ததில்லை. அவ்வளவு நேரம் பேசாமலிருந்தும் பார்த்ததில்லை. பின்சீட்டில் கூடையை மடியில் வைத்து அவர். பக்கத்தில் விஞ்ஞானி. வழி முழுக்கக் கோழி மட்டும் அவ்வப்போது எதையோ கேட்பது போலக் குரல் கொடுத்தது.

நிலையத்தின் வாசலைத் தாண்ட விஞ்ஞானிக்கு இப்போது அனுமதி இல்லை. தங்கையோடு அவள் வெளிச் சுவரோரம் நின்றாள். மற்றவர்கள் உள்ளே ஓடினார்கள்.

கட்டடத்தின் பின்பக்கம் கொதிகலன் அறையில் ஆவி சீறிக்கொண்டிருந்தது. எஃகுக் கதவு மூடியிருந்தது. அதன் எதிரே ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் இன்னும் சில பெட்டிகள். இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“முதல் தட்டு போயிடுச்சு. அவங்க வைரஸ் முழுக்க அதுலதான் இருந்துச்சு. நான் எவ்வளவோ தாமதம் பண்ணிப் பார்த்தேன்.”

“மீதியை நிறுத்துங்க சார்,” என்றார் மேற்பார்வையாளர். கூடையைக் கீழே வைக்காமலே, முதலிலிருந்து கடைசிவரை தானே சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. நீலத் துணியைப் பையிலிருந்து எடுத்து, இயக்குநர் நீட்டிய பிளாஸ்டிக் உறையில் போட்டார்.

இயக்குநர் தள்ளுவண்டிக்காரனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வண்டி நின்றது. அப்புறம் கூடையைப் பார்த்தார்.

“இதை உயிரோட வெளியே விட முடியாதுங்க. சுத்திலும் பண்ணைங்க…”

“தெரியும் சார். எந்த ரூம்னு சொல்லுங்க. நானே பிடிச்சுக்கறேன்.”

வக்கீலம்மா தனியாக வெளியே வந்தாள். சுவரோரம் நின்ற விஞ்ஞானியின் அருகில் போய் நின்றாள். 

“வைரஸ் போயிடுச்சு. தாய் செல் தப்பிச்சுது. உங்க மேல தப்பில்லைன்னு மேலிடத்துக்கு அவரே சொல்றேன்னுட்டார்.”

“தாய் செல் இருக்கா?” விஞ்ஞானி தலையசைத்தாள். “அப்போ வைரஸை மறுபடி செய்யலாம். வருஷக்கணக்கா ஆகும். செய்யலாம்.” ஆனால் அவள் கண் வக்கீலம்மாவிடம் இல்லை. உள்ளே தெரிந்த ஒரு பச்சைக் கதவிலேயே இருந்தது. “அவர் எங்கே?”

அரட்டை அருகில் வந்து நின்றான். “மேடம்,” என்று ஆரம்பித்தான். பச்சைக் கதவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது பச்சைக் கதவு திறந்தது. அவர் காலிக் கூடையோடு நடந்து வந்தார். வாசலைத் தாண்டி மனைவிக்கு எதிரே வந்து நின்றார்.

“பாப்பா போறப்போ நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்னுட்டேன்,” என்றார். “உள்ளே வரக் கால் எழும்பலை. உன்னைத் தனியா விட்டுட்டேன்.”

“அதை விடுங்க இப்போ.”

“இன்னிக்கு உள்ளே போனேன். கடைசி வரைக்கும் கையிலயே வெச்சிருந்தேன்.”

அவள் கூடையின் பிடியில், அவர் கைக்குப் பக்கத்தில், தன் கையை வைத்தாள். “துடிச்சுதா?”

“இல்லை. அப்படியே தலையைச் சாய்ச்சுக்கிச்சு. தூங்கற மாதிரி.”

“பாப்பாவும் அப்படித்தான்ங்க,” என்றாள் அவள். “நீங்க கேக்கவே இல்லை, நானும் சொல்லலை. அவ அழலை. வலியெல்லாம் ஒண்ணும் இல்லை. என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டா.”

அவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிலையம் விட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்படவில்லை. அவள் மகளின் கடைசி நாளை அவருக்கு மெதுவாக, ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.